டாக்டர் என்ன சொன்னார்?

"இன்னா சிஸ்டர், இந்த வாட்டியாச்சும் ஜெசியை அனுப்புவீங்களா? ஷாலுக்குப் பொறந்தநாளு. சாயந்தரம் கேக் வெட்றோம்."

வாசலிலேயே நின்று கேட்டாள் ரமாபாய். பின்பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருப்பவள். அவள் மகள் ஷாலுவும் ரோஸ்மேரியின் மகள் ஜெசிந்தாவும் ஒரே வகுப்பு.

எத்தனை முறை சொன்னாலும் இவளுக்குப் புரியாதா? ரோஸ்மேரிக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்துமா வந்தால் உதடே நீலமாகிப்போகிற பிள்ளை.

"ரமா, உங்க வீட்ல பூனை இருக்கு. முடி பட்டாலே இவளுக்கு இழுக்கும்."

"பூனைய புளியந்தோப்புல எங்கண்ணன் வூட்ல உட்டாச்சு. ஷாலு அழுதுகினே கீறா."

"ஊதுபத்தி, கொசுவத்தி..."

"புத்தர் படத்தாண்ட இப்ப வெறும் பூவுதான். கொசுவ கையாலயே அடிச்சுக்கினு கீறோம்."

"இன்னைக்கு ஊசி இருக்கு. டாக்டர் என்ன சொல்றாரோ, பார்ப்போம்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் உட்காரவைத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"இவ மூச்சுக்குழாயில இருக்கிற செல்லுங்க, ஒண்ணும் செய்யாத தூசியைக்கூட எதிரின்னு நினைச்சு சண்டைக்கு நின்னுச்சு. அதுங்களைத் தூண்டிவிடுற ஆன்டிபாடியை இந்த ஊசி பிடிச்சு வச்சுடுது. சளியில அந்த செல்லுங்க நல்லா குறைஞ்சிருக்கும்மா. இன்ஹேலர் பையில இருக்கட்டும். மத்தபடி விளையாடட்டும்."

"ஷாலு வீட்டுக்குப் போலாமா டாக்டர்? இப்போ பூனைகூட இல்ல!"

"அப்புறம் என்ன? தாராளமா போ."

ரோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

டோல்கேட் சிக்னலில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றபோது மகளின் காதருகே குனிந்தாள்.

"டாக்டர் சொன்னதை ரமா ஆன்ட்டிகிட்ட சொல்லாதே."

"ஏம்மா?"

"அவங்க வீட்லயெல்லாம் நாம கை நனைக்கிறதில்ல. பேசாம வா."

தெருமுனையிலேயே காத்திருந்தாள் ரமாபாய்.

"டாக்டர் இன்னா சொன்னாரு சிஸ்டர்?"

"இன்னும் கொஞ்ச நாள் யார் வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம்னுட்டார் ரமா."

"அய்யோ, அப்டியா..." முகம் வாடிப்போனது. சட்டென்று ஜெசியை விட்டு நாலடி பின்னால் போய் நின்றாள். "இப்பதான் வூடு பெருக்கினு வந்தேன். பொடவையெல்லாம் தூசி. கொயந்த கிட்ட வர வேணாம்."

ஜெசி அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வராத இருமலை இருமினாள்.