மணிக்கட்டுப் பொருத்தம்

“கையை இப்படி நீட்டுங்க தம்பி.”

உபைத் இடது கையை நீட்டினான். அப்துல் ஜலீல் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்துக் குனிந்தார். நாடி பார்க்கும் வைத்தியரைப் போல நெடுநேரம் நிமிரவே இல்லை.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முகத்தை அவர் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

துபாயிலிருந்து திரும்பி மரக்காணத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜலீலுக்கு, சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சுகள் என்றால் பைத்தியம். அந்தப் பைத்தியம் மகள் ஹுமாவின் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டதுதான் வீட்டில் பிரச்சினை. முதலில் வந்த மாப்பிள்ளை பேட்டரி வாட்ச் கட்டியிருந்தான், வேண்டாம் என்றார். அடுத்தவன் கையில் இருந்தது சுவிஸ் பெயர் போட்ட பர்மா பஜார் சரக்கு.

மூன்றாமவனிடம் மணி கேட்டபோது, அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தான். 2005-இல் அது பெரிய பந்தா. ஜலீல் அவனுக்கு டீகூடக் கொடுக்க விடவில்லை.

“கழட்டுங்க.”

உபைத் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தான்.

“ஃபேவர் லூபா, சீ கிங். அறுபதுகள்ல வந்தது. டயலுக்கு யாரும் புதுப் பெயின்ட் அடிக்கல. எழுத்துல ஒரு பிசிறு இருக்குதா பாருங்க? முள்ளும் அதோடவே வந்தது.” பேனாக்கத்தி முனையால் பின்மூடியைத் திறந்த ஜலீலின் குரல் குழைந்தது. “அடேங்கப்பா! நம்ம உப்பளக் காத்துக்கு சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்காது. இதுல ஒரு பொட்டு துரு இல்லையே. வெச்சிருந்தவன் லேசுப்பட்ட ஆளு இல்ல!”

“எங்க நன்னாவோடது மாமா. சைகோன்ல வாங்கினாராம்.”

“எங்க அத்தாவோடதா?” என்று வாயெடுத்தாள் உபைத்தின் அம்மா ஷாகிரா. “அவரு பாங்கு சத்தத்தை வெச்சுத்தானே மணியே...”

“அம்மா, சர்பத் குடிங்க!”

இதெல்லாம் ஜலீலின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காதில் அவர் வாட்ச்சை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “உங்க நன்னாவை நான் பார்த்திருக்கணும் தம்பி. இப்படி ஒரு ரசனைக்காரரு இந்தக் காலத்துல எங்க இருக்காரு?” என்றவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “ஆமா, தினமும் எப்ப சாவி கொடுப்பீங்க?”

“அது வந்து... பேட்டரி தீர்ந்தா...”

திரைக்குப் பின்னாலிருந்து பலமாக ஓர் இருமல் கேட்டது.

“காலையில மாமா! ஃபஜ்ரு தொழுதுட்டு வந்தா முதல் வேலையே அதுதான்.”

ஜலீலின் மனைவி மெஹரூன்னிசா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். “வாட்ச் கதை போதும். பையன் என்ன பண்றாருன்னு கேளுங்களேன்,” என்றாள்.

“குயிலாப்பாளையத்துல ஃபர்னிச்சர் பட்டறை வெச்சிருக்கேன் மாமி.”

“அப்படியா? எங்க ஹுமாவும் அந்தப் பக்கந்தான், ஆரோவில்லுல ஆபீஸ் வேலை.”

“அப்படீங்களா!” என்று உபைத் ஆச்சரியப்பட்டான். கொஞ்சம் அதிகமாகவே ஆச்சரியப்பட்டுவிட்டான்.

“எனக்கு சம்மதம்,” என்றார் ஜலீல், பின்மூடியை அழுத்தி மூடியபடி. “ஆனா ஒரு கண்டிஷன். இந்த வாட்ச் இங்கேயே இருக்கட்டும்.”

உபைத் திரையைப் பார்த்தான். இந்தத் தடவை அங்கிருந்து இருமல்கூட வரவில்லை.

“எ... எடுத்துக்குங்க மாமா.”

“பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைகிட்ட சீர் கேக்குறதை இன்னைக்குத்தான் பார்க்குறேன்,” என்றாள் ஷாகிரா. ஆனாலும் தட்டிலிருந்து சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் முடிவாகிவிட்டது.

அவர்கள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் மெஹரூன்னிசா ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரு ஓட்டை வாட்ச்சுக்காகப் பொண்ணைத் தூக்கிக் கொடுத்த மனுஷன்னு கடைத்தெருவே சிரிக்கப் போவுது! அந்தப் புள்ளைக்கு சாவி கொடுக்கவே தெரியல. முழிச்ச முழியைப் பார்த்தீங்களா? அதுகூடவா உங்களுக்குப் புரியல?”

ஜலீல் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உள்ளறைக்குப் போய், இரும்பு அலமாரியின் பூட்டில் சாவியை நுழைத்தார். ஹுமா பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அத்தா, இப்பவே உள்ள வைக்கணுமா? நாளைக்கு வெச்சுக்கலாமே...”

அவர் கதவைத் திறந்து, வெல்வெட் விரித்த தட்டை வெளியே இழுத்தார். வாட்ச்சுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் ஒரே ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது.

ஜலீல் உபைத்தின் வாட்ச்சை அதில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. ஹுமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலமாரியைப் பூட்டிவிட்டு, சாவியை மகளிடம் நீட்டினார்.

“அடுத்த வாட்டி கேட்டுட்டு எடும்மா.”