எள்ளுருண்டை

போன முறை ஒன்பதாவது வாரத்தில்தான் கரு கலைந்தது. இன்று மறுபடியும் அதே ஒன்பதாவது வாரம். ஸ்கேன் மேசையில் படுத்திருந்த வான்மதி, "போன தடவை நான் தண்ணிக் கேனைத் தூக்கினதாலதானே டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பெரும்பாலும் கருவே சரியா உருவாகியிருக்காது. யார் மேலயும் தப்பில்ல."

தலைமாட்டில் நின்ற மாமியார் மரகதம் ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப, ஆசையா கேட்டாளேன்னு நான் குடுத்த எள்ளுருண்டை?"

ஒரு வருடமாக வீட்டில் எள்ளே வாங்காதது ஏனென்று வான்மதிக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தையின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எள்ளுருண்டைக்கு அவ்வளவு சக்தி கிடையாதும்மா" என்று சிரித்தபடி டாக்டர் கருவியை வயிற்றில் வைத்தார். அது மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையை நோக்கிக் குனிந்தார். மாமியாரும் மருமகளும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.