ஆறு மணி ஷிப்டு

"மனுஷங்கதானா நீங்க?" ஆலை கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினார் ஜெபசிங்.

எண்ணூர் ஆத்தோரம் இருக்கிற கேஸ் கரண்டு ஆலையில் அவர்தான் ஷிப்டு இன்ஜினியர். வெளியே கேட்டை அடைச்சுக்கிட்டு, குப்பத்துப் பொம்பளைங்க நாற்பது பேர். நடுவில் அங்கம்மா, சட்டமாகச் சம்மணம் போட்டு.

"காலையிலேருந்து ஒரு ஆளை உள்ள விடல. என் பசங்க நேத்து ராத்திரிலேருந்து இருபது மணி நேரமா மெஷினோட மாரடிக்கானுவ. ஒருத்தன் மயங்கியே விழுந்துட்டான். ஆறு மணிக்குள்ள ஆள் மாறலைன்னா மெஷினை நிறுத்திருவேன், பாத்துக்கிடுங்க!"

"நிறுத்திக்கோ நைனா. பேஜாரு வுட்டுது."

"வெளையாட்டாம்மா இது? கேஸ்ல ஓடுற மெஷின் சட்டுனு கெளம்பிரும். அது கக்குற சூட்டுல ஆவி கட்டி ஓடுதே ரெண்டாவது மெஷின், அது ஆறிப்போச்சுன்னா மறுபடி சூடேற அரை நாள் ஆகும். விளக்கேத்துற நேரம். ராயபுரம் வரைக்கும் இருட்டு. ஆஸ்பத்திரி இருக்கு, பச்சப்புள்ளைங்க இருக்கு!"

அங்கம்மா வெத்தலையைத் துப்பினாள்.

"அடேங்கப்பா! போற பொகையோட சூட்டக்கூட வுடாம புட்ச்சி, ரெண்டாந்தபா கரண்டு எடுக்கத் தெரியுது. கடேசில மிஞ்சுற சுடுதண்ணிய மட்டும் எங்க ஆத்துல ஊத்துவியா? இறா பூண்டோட போச்சு. ஆறவச்சி வுடுறோம்னு ஒங்க பெரிய சாரு எழுதிக் குடுக்கட்டும். அதுவரிக்கும் ஒரு ஈ உள்ள பூராது."

"பெரியவர் டெல்லியில இருக்கார்."

"அப்போ ஆலையையும் அங்கயே கட்டிக்கச் சொல்லு!"

பொம்பளைங்க கொல்லென்று சிரிச்சாங்க. ஜெபசிங்குக்கு மூக்கு நுனி சிவந்துபோச்சு.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்டு. அவங்களுக்கும் ஒக்கார எடம் கீது."

மணி அஞ்சே முக்கால். இனி பேசிப் பிரயோசனமில்லை. கருவாட்டுல இருக்கிற ஈரம்கூட இவளுங்க நெஞ்சுல இல்லையே என்று மனசுக்குள் வைதுகொண்டே உள்ளே நடந்தார். மெஷினை நிறுத்தத்தான் வேணும்.

கன்ட்ரோல் ரூம் கதவைத் திறந்தார். குப்பென்று மீன் வாடை.

மாத்து ஷிப்டு லட்சுமணனும் அவன் ஆட்கள் மூணு பேரும், பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கிட்டு மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க.

"ஏலே! நீங்க எப்படி உள்ள வந்திய?"

"ஆத்து வழியா சார். படகுல வந்து, பின்பக்கச் சுவர்ல ஏணி போட்டு ஏறிக் குதிச்சோம்."

"படகா? யாரு படகு?"

"தண்டபாணின்னு ஒருத்தர். பஸ்ஸை விட்டு இறங்கி முழிச்சிக்கினு நின்னோம். அவரே தேடி வந்து கூட்டிக்கினு போனார். மயங்கின பையனையும் அதே படகுல ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போயிட்டார் சார்."

"அவரை யாரு அனுப்புனது?"

"அவர் சம்சாரம் சார். கேட்டாண்ட நடுவுல குந்திக்கினு கீதே, அங்கம்மா, அதுதான்."

ஜெபசிங் அப்படியே நாற்காலியில் சாய்ஞ்சார்.

"அப்போ... கேட்டைத் தொறந்துருவாங்களா லே?"

"எழுதித் தர்ற வரைக்கும் தொறக்கவே மாட்டாங்களாம் சார்," என்றான் லட்சுமணன். "ஆனா நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிப்டுக்கும் படகு நிக்குமாம்."