பதின்மூன்றாவது கோப்பு

ஹைதராபாத் அல்வாலில் எங்கள் குடும்பத்தை அறியாதவர் இல்லை. பேத்திக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பார்ப்பதற்காக, மருமகள் பூர்ணா குடும்ப இணையதளம் ஒன்றை எழுதினாள். ஆளுக்கொரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. மொத்தம் பன்னிரண்டு பேர். ஓடிப்போன என் தம்பியின் பெயரே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

பூர்ணா திறந்து காட்டியபோது உலாவி பதின்மூன்று கோப்புகளை இறக்கியது. கடைசிப் படத்தில் தம்பி சிரித்தான்.

“இதை நான் எழுதவே இல்லை மாமா. உங்க ஃபைல்தான் இதை இம்போர்ட் பண்ணி உள்ள இழுக்குது. எடுத்தா உங்களுதும் ஓடாது.”

“எத்தனை தடவைம்மா சொல்றது? அவன் நக்கோ, வேண்டாம். எடு.”

எடுத்தாள். பதினொரு பேர் வந்தார்கள். என் மனைவி சாந்தாவின் பக்கத்தில், என் இடத்தில், வெள்ளைக் கட்டம்.

“அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

பூர்ணா என்னைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். “அத்தை, இங்க உக்காந்திருந்த மாமா எங்க போனாரு?”