நடுங்காத கை

நூல் முதல் தடவையிலேயே ஊசிக் காதுக்குள் போய்விட்டது.

அவளுக்குப் பயமாகிவிட்டது.

உருவிவிட்டு மறுபடி கோத்தாள். மறுபடியும் போனது. கை கல்லாட்டம் நின்றது.

ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் இதற்குப் போய்ப் பயப்படுவாளா என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு வயிற்றில் இருப்பது சொந்தச் சிறுநீரகமாக இருக்கும்.

அவளுடையது தம்பி தவசி கொடுத்தது. உள்ளே வந்து பதினாலு மாதம். வந்தது வேற்றாள் என்று தெரிந்தால் உடம்பு அதை அடித்துத் துரத்திவிடும். அதை அடக்கி வைக்கத்தான் காலையும் மாலையும் மாத்திரை.

அந்த மாத்திரை ஈறை வீங்க வைத்தது. மேலுதட்டில் மீசை அரும்ப வைத்தது. கையை நடுங்க வைத்தது. ஊசி கோக்கக்கூடப் பக்கத்து வீட்டு மும்தாஜைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த நடுக்கத்தை அவள் வையாத நாளில்லை.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஆராய்ச்சி. மாத்திரையோடு சேர்த்து, சோப்பு வாசனையடிக்கிற பச்சைப் பால் ஒன்றையும் மூன்று மாதம் குடிக்க வைத்தார்கள். பிறகு டாக்டரம்மா சொன்னார். இனிமேல் சில நாள் மாத்திரைக்குள் மருந்து இருக்காது. பாலைக் குடித்ததுமே மருந்து வந்துவிட்டதென்று உடம்பு தானாக அடங்கும். மருந்து குறைந்தால் தொல்லையும் குறையும். எந்த நாள் வெறும் மாத்திரை என்பதை மட்டும் சொல்ல மாட்டோம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஏறிய பிறகுதான் பயம் பிடித்தது.

உடம்பு அவ்வளவு ஏமாளியா?

அன்றிலிருந்து பால் குடித்து அரை மணி கழித்து ஊசி கோத்துப் பார்க்கிறாள். நூல் தடுமாறினால் மருந்து உள்ளே போயிருக்கிறது. நிம்மதியாகத் தையல் மெஷினில் உட்காரலாம்.

இருபத்திரண்டு நாளும் தடுமாறியது. பாவம், டாக்டரம்மாவுக்கு மனசு வரவில்லை, அசலையே கொடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

இன்று தடுமாறவில்லை.

அடிவயிற்றில் கை வைத்தாள். வலிக்கிற மாதிரி இருந்தது. அழுத்தினாள். இன்னும் வலிக்கிற மாதிரி இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்.

தவசிக்குப் போன் போட்டாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே அவன் சிரித்தான்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்க மாட்டேன்க்கா. பயப்படாம சோலியப் பாரு."

அவன் கேட்க மாட்டான். ஆனால் அவனிடமும் இனி ஒன்றுதான் இருக்கிறது. இது போனால் கொடுக்க ஆளில்லை.

பீரோவைத் திறந்தாள்.

பழைய மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது ஓர் அட்டையை மட்டும் சேலைகளுக்கு அடியில் ஒளித்திருந்தாள். எல்லாம் அசல். கூடுதலாக விழுங்கினால் அதே சிறுநீரகத்தைத்தான் அது கெடுக்கும், தொடவே கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

இன்று உள்ளே ஒன்றுமே போகவில்லையென்றால் இது எப்படிக் கூடுதலாகும்?

அட்டையைக் கிழித்தாள். அந்த மாத்திரைக்கே உரிய நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

விரல்கள் நடுங்கத் தொடங்கின.

பயத்தில் வருகிற நடுக்கம் அவளுக்குத் தெரியும். அது முழங்காலில் வரும். இது விரல் நுனியில், பொடிப்பொடியாக, பதினாலு மாதம் வைதுகொண்டிருந்த அதே நடுக்கம்.

அப்பாடா என்றிருந்தது. மருந்து வேலை செய்கிறது.

கையைப் பார்த்தாள்.

மாத்திரை இன்னும் உள்ளங்கையில்தான் இருந்தது.

அப்படியானால், அந்த இருபத்திரண்டு நாளும்?