மேல்பக்கம் எது

"வரிசையே தலைகீழா இருக்கேம்மா. மேல் எது கீழ் எதுன்னு தெரியாமலா ஆய்வேடு எழுதுனீங்க?"

தேர்வாளர் கேட்ட கேள்வியில் மாணவிக்குக் காது சூடானது. வெளியூரிலிருந்து வந்த அந்த அம்மாள், போட்ட நாற்காலியில் உட்காரவே இல்லை. கல் கிடங்குக்குள் நுழைந்ததும் நேராகக் கடைசி அலமாரிக்குப் போய், அடித்தட்டிலிருந்த பெட்டியைத் தானே வெளியே இழுத்தார். மாணவி ஓடிப்போய் ஒரு முனையைப் பிடிக்க, மேசைமேல் ஏற்றினார்கள்.

பூமியில் துளைபோட்டு எடுத்த உருளைக் கற்கள். எப்போதோ எடுத்தவை. ஒவ்வொன்றிலும் மேல்பக்கத்தைக் காட்டும் சிவப்பு அம்பு, வாலில் ஒரு சுழியோடு, மங்கிப்போய்.

"மலையடிப் பள்ளம் எப்படி நிரம்பும்? சொல்லுங்க."

"மலையோட பாரத்துல முன்னாடி இருக்கிற நிலம் அமுங்கும். முதல்ல கடல் வரும், சேறு படியும். அப்புறம் மலையே அரிச்சு வந்து பள்ளத்தை நிரப்பும். கடல் விலகிடும். ஆத்து மணலும் சரளையும் மேலே ஏறும்."

"உங்க வரிசையில மட்டும் சரளை அடியில, கடல் சேறு உச்சியில. அது எப்படி?"

"கடல் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு மேடம். மலை இன்னொரு தடவை முன்னால நகர்ந்திருக்கு. பாரம் ஏறினதும் நிலம் மறுபடி அமுங்கிடுச்சு."

வழிகாட்டிப் பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சமாதானம். "அம்பு தப்புன்னு ஒரு வரி எழுதிட்டுக் கல்லைத் திருப்பி வெச்சுடு தாயே" என்று அவர் கெஞ்சாத நாளில்லை. இதற்குமுன் இந்தப் பெட்டியைத் தொட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்திருந்தார்கள். இவள் மாட்டேன் என்றாள். ஆய்வேடு திரும்பி வந்தால் இன்னொரு வருடம். மூட்டை தூக்கும் அப்பாவின் முதுகு இன்னொரு வருடம் தாங்காது. அது தெரிந்தும்தான் மாட்டேன் என்றாள்.

"யாரோ ஒரு அரைவேக்காடு போட்ட அம்பை நம்பிட்டீங்க" என்றார் தேர்வாளர்.

"போட்டவங்க அரைவேக்காடு இல்ல மேடம். தூக்குற பெட்டியில அம்பு இருந்தா எந்தப் பக்கம் மேலன்னு மூட்டை தூக்குற எங்கப்பாவுக்கே தெரியும். படிச்சவங்களுக்குத்தான் சந்தேகம் வருது. ஆனா நான் அம்பை நம்பி எழுதலை. கல்லை அறுத்துப் பார்த்து எழுதினேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் அறுத்துப் பார்க்கலை."

சமாதானம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நடுக்கல்லை எடுத்து, அறுத்த முகத்தைத் தேர்வாளரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பழுப்புச் சேற்றில் ஆப்பு ஆப்பாக வெடிப்புகள். உள்ளே வெள்ளை மணல்.

"ஆத்தோரச் சேறு வெயில்ல காஞ்சு வெடிச்சது. அகல வாய் மேலே, கூர் நுனி கீழே. அம்பும் அதே பக்கம்தான் காட்டுது. திருப்பி வெச்சா, சேறு அடியிலேருந்து வெடிக்கணும். தலைகீழா காயற சேறு எந்த ஊர்ல மேடம் இருக்கு?"

தேர்வாளர் குனிந்து, வெடிப்பு ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எந்த ஊர்லயும் இல்ல" என்றார். அறிக்கையில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சமாதானத்துக்கு உயிர் வந்தது. "அம்பு சரின்னு நான் அப்பவே சொன்னேன் மேடம்."

மாணவிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இப்போதே அப்பாவுக்குப் போன் போட வேண்டும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும்.

"அழிஞ்சுபோச்சே" என்றபடி தேர்வாளர் மேசையில் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்து, மங்கிய அம்பின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். வாலில் அதே சுழி, அச்சு அசலாக.

மாணவி அம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், அப்போ அந்த அரைவேக்காடு..."

"உங்க வயசுல, இதே மேசையில எனக்கு வெச்ச பேரும்மா அது" என்றவர், அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.