மாமன் மடி

பிள்ளை வீறிட்டு அழுதது.

இசக்கியின் மடியில் வைத்த மறுநொடியே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, அம்மாவை நோக்கிக் கையை நீட்டியது.

பகவதி வாங்கவில்லை. காதுகுத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். பகவதிக்குக் கூடப்பிறந்தது இசக்கி ஒருவர்தான்.

சாஸ்தா கோயில் வாசலில் சொந்தமெல்லாம் கூடி நின்றது. ஆசாரி சம்மணம் போட்டு, தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன எசக்கி, பிள்ளைக்கு ஆளத் தெரியலியோ?" யாரோ சிரித்தார்கள்.

தெரியவில்லைதான்.

எப்படித் தெரியும்? பிள்ளைக்குத் தெரிந்த இசக்கிக்கு முறுக்கு மீசையும் உண்டு, கண்ணில் மையும் உண்டு. இடுப்பில் வேட்டியும் உண்டு, முதுகில் நீளப் பின்னலும் உண்டு. ஞாயிறுதோறும் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டே தூங்கிய பிள்ளை அது.

நேற்று டவுனுக்குப் போய்ப் பின்னலை வெட்டிக்கொண்டார். மையைத் துடைத்தாயிற்று. மூக்குத்தியைக் கழற்றியாயிற்று.

பகவதியின் மாமியார் சண்முகவடிவு முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். "மாமன்னு வந்தா மாமனா வரட்டும். ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு வந்தா, எங்க பிள்ளைய மடியில வைக்க முடியாது."

இசக்கிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. எத்தனை பேரிடம்தான் போடுவது? ஆணென்றால் ஆணாக இரு என்றது வீடு. வருவதானால் முழுசாக எங்கள் பக்கம் வந்துவிடேன் என்றார்கள், உயிருக்கு உயிராகப் பழகிய திருநங்கைகள். இசக்கி எங்கிருந்தும் எங்கேயும் போகவில்லை. இரண்டும் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு, சோறு தனி குழம்பு தனி எடுத்து வை என்று ஆளாளுக்கு அதிகாரம் செய்தால் அவர் என்ன செய்வார்?

சரி, ஒரு நாள்தானே, பிள்ளைக்காகத்தானே என்று கத்தரிக்குத் தலையைக் கொடுத்தார்.

காலையில் வேனிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ மூதி, நா ஒன்னைய வெட்டச் சொன்னனா?"

அவள் கண் கலங்கியிருந்தது. சண்முகவடிவு மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இப்போதுதான் மாமன் மாதிரி இருக்கிறது என்று காபி கொடுத்தாள். அவளுக்குத் திருப்தி. மற்றவர்கள் அப்போதும் குசுகுசுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போகட்டும். ஊர் எப்போதும் பேசுகிற ஊர்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்காக வெட்டினாரோ, அந்தப் பிள்ளையே இப்போது முகத்தைப் பார்த்துப் பார்த்து அலறுகிறது.

நல்ல நியாயம்!

"கொடிமுத்து, நீ உக்காருடே," என்றாள் சண்முகவடிவு.

கொடிமுத்து, பகவதிக்குச் சித்தப்பா மகன். அவனும் மாமன் முறைதான். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

இசக்கி பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முடி போயிற்று. இனி இந்த மடியும் இல்லை.

காலையிலிருந்து அடித்தொண்டையிலேயே பேசித் தொண்டை வலித்தது. இனி யாருக்காக அப்படிப் பேச வேண்டும்?

பிள்ளையின் காதோரம் குனிந்தார். தாலாட்டைத் தொடங்கினார். மெல்லிய குரல். வீட்டில் பாடுகிற குரல்.

பிள்ளை அழுகையை நிறுத்தியது.

முகத்தை அண்ணாந்து பார்த்தது. மறுபடியும் பார்த்தது. ஒரு விக்கலோடு சட்டையைப் பிடித்துக்கொண்டு மார்பில் சாய்ந்தது.

கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"நிறுத்து எசக்கி." சண்முகவடிவு பல்லைக் கடித்தாள். "மீசைய வச்சுக்கிட்டு, நாலு பேரு முன்னால பொம்பளக் குரலு என்ன வேண்டிக்கெடக்கு? ஏ கொடிமுத்து, பிள்ளைய வாங்கு."

கொடிமுத்து கையை நீட்டினான்.

நிறுத்தினால் பிள்ளை அழும். நிறுத்தாவிட்டால் பிள்ளையையே வாங்கிவிடுவார்கள். இசக்கிக்கு அலுத்துப்போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

பகவதி ஆசாரியைப் பார்த்தாள்.

தலையை அசைத்தாள்.

கம்பி ஏறியது.

பிள்ளை ஒரு கணம் மூச்சை அடக்கி, பிறகு ஊரே கேட்கக் கத்தியது. கத்திக்கொண்டே இசக்கியின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. காதில் ஒரு சொட்டு ரத்தம்.

கொடிமுத்து நீட்டிய கையோடு சண்முகவடிவைப் பார்த்தான்.

அவள் பிள்ளையின் காதைப் பார்த்தாள். முறை முறை என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவள். முறை அவளுக்கும் சேர்த்துத்தான்.

"விடுடே," என்றாள். "ஒத்தக் காது குத்தியாச்சு. பாதியில மடி மாத்தப்படாது."

கொடிமுத்து கையை எடுத்துக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது. இசக்கியிடம் பாட்டு நின்றுபோயிருந்தது. முதுகைத் தட்டிக்கொடுக்க மட்டும்தான் முடிந்தது.

ஆசாரி அடுத்த கம்பியை எடுத்தார்.

சண்முகவடிவு குனிந்து, முந்தானையால் பிள்ளையின் கண்ணை ஒற்றினாள். இசக்கியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"பாடு. பிள்ள அழுவுதுல்லா."

எந்தக் குரலில் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது இசக்கிக்கு.

கேட்கவில்லை.

பிள்ளையின் மறு காதை ஆசாரி பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, வாயைத் திறந்தார்.